திமிங்கிலம் பார்க்கப் போனவள்

அத்தியாயம் 11

என் மகள் கேட்ட கேள்வியோடு போன வாரம் நிறுத்தியிருந்தேன்.

"அம்மா படகுல இருப்பாளா, இல்ல தண்ணியில நீந்திட்டு இருப்பாளா?"

மறுநாள் படகுப் பயணத்துக்கான துணியை மடித்துக்கொண்டே கேட்டாள். பதிலுக்கு அவசரமில்லை என்பதுபோல. அவளுக்கு ஆறு வயது. அவள் அம்மா, என் மனைவி, இறந்து நான்கு மாதம் ஆகிறது. அலுவலகத்தில் மேஜை மீது தலை சாய்த்தாள். மூளைக்குள் ஒரு ரத்தக்குழாய். அவ்வளவுதான்.

மகளுக்குத் தெரியும் என்றுதான் இத்தனை நாளும் நினைத்திருந்தேன். சொல்லும் பொறுப்பை ஏற்றுக்கொண்டவர் என் மாமனார். "நான் சொல்லிட்டேன் மாப்ளே. புரிஞ்சுக்கிட்டா" என்றார். நான் மேற்கொண்டு எதுவும் கேட்கவில்லை. மகளும் அம்மாவைப் பற்றி என்னிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. கெட்டிக்காரப் பெண், எப்படித் தாங்கிக்கொண்டாள் பார் என்று வந்தவர்கள் எல்லாரும் சொல்லிவிட்டுப் போனார்கள். நானும் நம்பினேன்.

காலையில் ஓட்டல் வராந்தாவில் மாமனாரைப் பிடித்தேன். உள்ளே குளியலறையில் மகள் பல் தேய்க்கும் சத்தம் கேட்டது.

"அவகிட்ட என்ன சொன்னீங்க மாமா?"

புதுத் தொப்பியின் கயிற்றை முகவாய்க்குக் கீழே முடிச்சுப் போட்டுக்கொண்டிருந்தார். கை நிற்கவில்லை.

"எப்ப?"

"அன்னைக்கு."

"அன்னைக்கு ஆயிரம் சொன்னேன்."

"அவ அம்மாவைப் பத்தி."

கை நின்றது.

"திமிங்கிலம் பார்க்க அம்மா முன்னாடியே கிளம்பிட்டான்னு சொன்னேன். நாம பின்னாடி போய்ச் சேர்ந்துக்கலாம்னு."

இந்தப் பயணத்தை ஏற்பாடு செய்தவள் என் மனைவிதான். தாயும் மகளும் சோபாவில் ஒரே போர்வைக்குள் படுத்துக்கொண்டு, திமிங்கிலம் எகிறிக் குதிக்கும் வீடியோக்களாகப் பார்த்துத் தீர்த்தார்கள். பயணக் கம்பெனி அனுப்பிய திமிங்கிலப் படத்தை ஃப்ரிட்ஜ் கதவில் ஒட்டி வைத்திருந்தார்கள். அன்று மாமனார் கண்ணில் அது பட்டிருக்கிறது.

அவர் குழந்தைகளுக்கான பல் டாக்டர். போன வருடம்தான் ஓய்வு பெற்றார். அவருடைய நாற்காலிக்கு மேலே, கூரையில் ஒரு பொம்மை விமானம் தொங்கும். வலிக்காது என்று அவர் எந்தக் குழந்தையிடமும் சொன்னதில்லை. அப்படிச் சொன்னால் வலிக்கும் என்று குழந்தைக்குத் தெரிந்துவிடுமாம். "ஏரோப்ளேன்ல யாரு உக்காந்திருக்கா பாரு" என்பார். குழந்தை அண்ணாந்து பார்க்கும். பல் அவர் கையில் இருக்கும்.

"வாயைத் திறக்க வைக்கணும்ல மாப்ளே. அன்னைக்கு முழுக்க அவ ஒரு வாய் சாப்பிடலை."

"சரி. அன்னைக்குச் சாப்பிட்டா. அப்புறம்? நாலு மாசமா?"

"அப்புறம்…" தொப்பியைக் கழற்றினார். "பிடுங்குறதுக்கு நேரம் வரலை."

"இன்னைக்குப் படகு முழுக்க அம்மாவைத் தேடுவா."

"திமிங்கிலத்தைப் பார்த்தா எல்லாம் மறந்துடும். எவ்ளோ பெருசு அது!"

"மாமா."

"இந்த ஒருநாளை விட்டுடுங்க. சந்தோஷமா பார்க்கட்டும். வீட்டுக்குப் போனதும் நானே சொல்லிடறேன். சத்தியமா."

"படகு கிளம்பறதுக்கு முன்னாடி நான் சொல்லப் போறேன்."

என் மணிக்கட்டைப் பிடித்தார். வயதானாலும் விரல்களில் பிடி அப்படியே இருந்தது.

"நீங்களா? அவ போயிட்டாங்கிறதை இதுவரைக்கும் உங்க வாயால ஒரு தடவை சொல்லியிருப்பீங்களா? ஆபீஸுக்கு என்ன மெசேஜ் போட்டீங்க? 'குடும்பத்தில் ஒரு அவசரம்.' அவசரமாம்! எனக்குச் சொல்லிக்கொடுக்க வந்துட்டாரு."

அவர் சொன்னது உண்மை.

குளியலறைக் கதவு திறந்தது. உதட்டோரம் பேஸ்ட் நுரையோடு மகள் வந்தாள்.

"தாத்தா, உன் தொப்பி டீ வடிகட்டி மாதிரியே இருக்கு."

"இருக்கட்டும் கோஸு. என் தலையில இருக்கிறதும் டீத்தூள் அளவுதானே."

அவள் பிறந்தபோது பச்சைத் துணியில் சுற்றிக் கையில் கொடுத்தார்கள். முட்டைக்கோஸ் என்றாள் என் மனைவி. அது கோஸு ஆகி நிலைத்துவிட்டது.

*

படகுத் துறையில் ஆரஞ்சு நிற மிதவைச் சட்டைகளைக் குவித்து வைத்திருந்தார்கள். சிறியதாக ஒன்றைத் தேடி எடுத்தேன். மகள் முன்னால் மண்டியிட்டு வாரை மாட்டினேன். இப்போதுதான் சொல்ல வேண்டும்.

"கோஸு, அம்மாவைப் பத்தி ஒண்ணு சொல்லணும்."

சட்டென்று என் வாயைப் பொத்தினாள். பிறகு காதருகே வந்தாள்.

"எனக்கு எல்லாம் தெரியும்ப்பா."

வாரை இறுக்கிக்கொண்டிருந்த கையை எடுத்தேன்.

"உனக்குக் கடல்னா பயம். அதனாலதான் அம்மா தனியா போனா. அவமேல உனக்குக் கோபம். அவ பேரை எடுத்தா நீ அழுதுடுவேன்னு தாத்தா சொன்னாரு. நான் உன்கிட்ட கேக்கவே இல்ல பார்த்தியா?"

பாராட்டுக்காகக் காத்திருந்தாள்.

அவளுடைய மௌனத்தின் அர்த்தம் அப்போதுதான் விளங்கியது. என் மகள் நான்கு மாதமாகத் துக்கத்தைத் தாங்கவில்லை. என்னைத் தாங்கிக்கொண்டிருந்திருக்கிறாள்.

"கேக்கலை. சமத்து" என்றேன்.

"எல்லாரும் ஏறுங்க!" என்று படகிலிருந்து குரல் வந்தது. "அங்க யாரு மண்டி போட்டிருக்கிறது? கல்யாணத்துக்குக் கேக்கறதா இருந்தா நடுக்கடல்ல கேளுங்க சார். அங்க ஓடிப்போக முடியாது."

எல்லோரும் சிரித்தார்கள். படகின் கேப்டன் ஒரு பெண். அகலமான தோள், வெயிலில் கறுத்த மூக்கு. மகள் சிரித்துக்கொண்டே என் கையை உதறிவிட்டு ஓடி ஏறினாள். பின்னால் மாமனார். கடைசியாக நான்.

ஏறாமல் இருந்திருக்கலாம். அவளைத் தூக்கிக்கொண்டு அறைக்குத் திரும்பியிருக்கலாம். அவள் ஏற்கெனவே ஒவ்வொரு இருக்கையாக எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

*

துறைமுகச் சுவரைத் தாண்டியதும் படகு தூக்கிப் போட்டது. புதுமணத் தம்பதி ஒன்று கம்பியைப் பிடித்துக்கொண்டு படம் எடுத்தது. ஒரு பருத்த மனிதர் காகிதப் பையை வாயருகே வைத்துக்கொண்டு கண்ணை மூடிக்கொண்டார். மாமனார் என் பக்கமே திரும்பவில்லை.

நான் லிஃப்ட் பராமரிப்பு இன்ஜினீயர். லிஃப்டில் மாட்டிக்கொண்டவர்களிடம் எப்படிப் பேச வேண்டும் என்று எங்களுக்குப் பயிற்சி உண்டு. கதவுக்கு வெளியே நின்று உண்மையைச் சொல்ல வேண்டும். ஒரு மணி நேரம் ஆகுமென்றால் ஒரு மணி நேரம் என்று சொல்ல வேண்டும். 'இதோ ரெண்டு நிமிஷம்' என்று சொல்லக் கூடாது. இரண்டு நிமிடம் கழிந்ததும் உள்ளே இருப்பவர் கதவைப் பிளக்கப் பார்ப்பார். ஆட்கள் விழுவது அப்போதுதான். முன்பின் தெரியாத எத்தனையோ பேருக்கு அந்தக் கதவின் வழியாக உண்மையைச் சொல்லியிருக்கிறேன். குரல் நடுங்கியதில்லை.

மகள் திரும்பி வந்தாள். பின்பக்கம், கயிற்றுப் பெட்டிக்குப் பின்னால், சின்ன அறைக்குள் எல்லாம் தேடி முடித்திருந்தாள். நேராகக் கேப்டனிடம் போனாள்.

"ஆன்ட்டி, எங்க அம்மா எந்தப் படகு?"

"உங்கம்மா உங்ககூட வரலையா?"

"முன்னாடியே வந்துட்டா."

"ஓ, அப்படியா? ஒரு படகு விடியக்காலையிலேயே போயிடுச்சு. அதுல இருப்பாங்க. பார்த்தா கை காட்டு, சரியா?"

நான் எழுந்தேன். மாமனார் என் சட்டையைப் பிடித்து இழுத்து உட்கார வைத்தார்.

"அந்தம்மாவே சொல்லிட்டாங்க. விடுங்க."

"அந்தம்மாவுக்குத் தெரியாது மாமா. உங்களுக்குத் தெரியும்."

"கத்தாதீங்க. பார்க்கறாங்க."

"யார் கத்தறா?"

அப்போது கேப்டன் எஞ்சினை அணைத்தாள். திடீரென்று தண்ணீர் படகில் மோதும் சத்தம் மட்டுமே இருந்தது.

"வலது பக்கம். தாயும் குட்டியும். இதுக்கு மேல நாம கிட்டப் போகக் கூடாது. அதுங்களா வந்தா வரட்டும். யாரும் எந்திரிக்காதீங்க, யாரும் கத்தாதீங்க."

முதலில் மூச்சுதான் கேட்டது. பெரிய லாரி பிரேக்கிலிருந்து காற்று விடுவதுபோல. வெண்ணிறத் தூவல் எழுந்து காற்றில் சாய்ந்தது. அழுகிய மீன் நாற்றம் எங்கள் மேல் வந்து விழுந்தது. கரும் முதுகு ஒன்று வெளியே வந்தது. வந்துகொண்டே இருந்தது. முடியவில்லை. பக்கத்தில் இன்னொரு சின்ன முதுகு, பளபளவென்று.

மகள் என் மடியில் ஏறி நின்றாள். மூச்சுவிடவில்லை.

பெரியது முதுகை வளைத்து உள்ளே போனது. வால் தெரியவில்லை. அது போன இடத்தில் தண்ணீர் எண்ணெய் ஊற்றியதுபோல வழவழப்பாக இருந்தது. குட்டி மட்டும் மேலே சுற்றிச் சுற்றி வந்தது.

"அது தனியா இருக்கே" என்றாள் மகள், மெதுவாக.

"அம்மா கீழதான் இருக்கு" என்றாள் கேப்டன். "பெருசால நிறைய நேரம் மூச்சடக்க முடியும். குட்டியால முடியாது, அதான் மேல வந்துட்டு வந்துட்டுப் போகுது. இங்க வந்து சேர்ந்ததுல இருந்து அந்த அம்மா ஒண்ணும் தின்னிருக்காது. இந்தத் தண்ணியில அதுக்குச் சாப்பாடே கிடையாது. பட்டினி கிடந்துட்டே குட்டிக்குப் பால் குடுக்கும்."

"குட்டிக்குத் தெரியுமா, கீழ இருக்குன்னு?"

"தெரியாம? பார்த்துட்டே இரு. இதோ வரும்."

மகள் தலையாட்டினாள். அவளுக்கு இதில் சந்தேகமே இல்லை. மாமனார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். துடைத்துக்கொண்டே இருந்தார்.

இன்னொரு படகு மறுபக்கத்தில் வந்து எஞ்சினை அணைத்தது. விடியற்காலையில் கிளம்பிய படகு. அதன் முனையில் ஒரு பெண் எங்களுக்கு முதுகு காட்டி நின்றிருந்தாள். தோள்வரை வெட்டிய முடி. பச்சைச் சட்டை. எடையை ஒரு காலில் போட்டு நிற்கும் விதம்.

நானும் பார்த்தேன். அவள் இல்லை என்று புரிய எனக்கும் ஒரு கணம் ஆனது.

"அம்மா!"

மடியிலிருந்து பாய்ந்துவிட்டாள். இருக்கையின் மேல் ஒரு கால், கம்பியின் மேல் ஒரு கால். நான் எட்டிப் பிடிப்பதற்குள் உடம்பில் பாதி வெளியே இருந்தது. மிதவைச் சட்டையின் வார் என் விரல்களில் மாட்டியது. இழுத்தேன். என் முழங்கை கம்பியில் மோதியது. அவள் உதைத்தாள்.

"விடு! அம்மா அங்க இருக்கா! அம்மா!"

"குழந்தையைப் பிடிங்க!" என்று கேப்டன் கத்தினாள். எல்லாரும் ஒரே பக்கம் எழ, படகு சாய்ந்தது. "உக்காருங்க! எல்லாரும் உக்காருங்க!"

சத்தம் கேட்டு அந்தப் பெண் திரும்பினாள். வேறு முகம். யாரோ ஒரு குழந்தை கூப்பிடுகிறது என்று சிரித்தாள். கையை அசைத்தாள்.

மகளின் உதை நின்றது.

"அது அம்மா இல்ல" என்றாள். பிறகு என்னைப் பார்த்து, "அப்போ எந்தப் படகு?"

"கோஸு!" மாமனார் குரலை உயர்த்திவிட்டார். அவருடைய கிளினிக் குரல். உற்சாகமான குரல். கை வானத்தைக் காட்டியது. "அங்க பாரு, அங்க பாரு, எவ்ளோ பெரிய பறவை…"

அவள் தலை திரும்பத் தொடங்கியது.

முகவாயைப் பிடித்து நிறுத்தினேன்.

"அங்க பார்க்காத. என்னைப் பாரு."

பார்த்தாள்.

"அம்மா எந்தப் படகுலயும் இல்ல. தண்ணியிலயும் இல்ல. அம்மா திமிங்கிலம் பார்க்க வரலை. அன்னைக்கு ஆபீஸ்ல அம்மாவுக்குத் தலைக்குள்ள ரத்தக்குழாய் வெடிச்சிடுச்சு. டாக்டருங்க பார்த்தாங்க. சரிபண்ண முடியலை. அம்மா இறந்துட்டா."

சொல்லிவிட்டேன். குரல் நடுங்கியது. பரவாயில்லை.

படகில் எல்லாரும் எங்களையே பார்த்தார்கள். பருத்த மனிதர்கூடப் பையை இறக்கிவிட்டார். எங்களுக்குப் பின்னால் குட்டி மூச்சுவிட்டது. யாரும் திரும்பவில்லை.

"எங்க கிளாஸ் மீன்தொட்டியில மீன் செத்துச்சே, அந்த மாதிரியா?"

"ஆமா."

"அது திரும்ப வரலை."

"அம்மாவும் வரமாட்டா."

அவள் தாத்தாவைப் பார்த்தாள். தாத்தா தன் பாதத்தைப் பார்த்தார். நீட்டிய கை இன்னும் இறங்கவில்லை.

நான் அழுகைக்குக் காத்திருந்தேன். பிடித்துக்கொள்ளத் தயாராக இருந்தேன். ஆனால் மகளின் முகம் மெல்ல மெல்லத் தெளிந்தது. என் கன்னத்தைத் தட்டிக் கொடுத்தாள்.

"இல்லப்பா. உனக்குத் தப்பாச் சொல்லிட்டாங்க."

"கோஸு…"

"போன ஞாயித்துக்கிழமைகூட போன்ல பேசினாளே! படகுல குளிரும், தடியான சட்டை எடுத்துட்டு வான்னு சொன்னா. அதுக்கு முந்தின ஞாயித்துக்கிழமையும் பேசினா. எப்பவும் பேசுவா. உன்கிட்டதான் பேசறதில்ல. நீதான் கோபமா இருக்கியே."

தவறான கணக்கைத் திருத்தும் ஆசிரியை போலப் பொறுமையாகச் சொன்னாள்.

நான் மாமனாரைப் பார்த்தேன். ஞாயிற்றுக்கிழமைகளில் மகளை அவர் வீட்டில் விட்டுவிட்டு நான் வேலைக்குப் போய்விடுவேன். வீட்டில் சும்மா இருக்க முடியாது என்று நானாகக் கேட்டு வாங்கிய ஞாயிற்றுக்கிழமை வேலை.

"யாரு மாமா?"

நீட்டியிருந்த கையை இறக்கினார்.

"யாரு பேசினா?"

"சின்னவ" என்றார்.

என் மனைவியின் தங்கை. வெளியூரில் இருக்கிறாள்.

"அவ சித்தியாத்தான் பேசினா மாப்ளே. முதல் தடவை. நான்தான் போனைப் பிடிச்சுட்டு இருந்தேன். இவ காதுல வெச்சதும் 'அம்மா'ன்னு கத்திட்டா. குதிக்கிறா. அந்தப் பக்கம் சின்னவளுக்குப் பேச்சே வரலை. இல்ல, நான் அம்மா இல்லன்னு அவளால சொல்ல முடியலை. என்னாலயும் முடியலை. ஒரு தடவைதான்னு நினைச்சோம்."

"குரல்?"

"ரெண்டு பேருக்கும் ஒரே குரல். அவங்கம்மாகிட்ட இருந்து வந்தது. போன்ல பேசினா நானே பேரைக் கேட்டுப்பேன்."

எனக்குத் தெரியாது. மச்சினியோடு நான் போனில் பேசியதே இல்லை. எதுவானாலும் அக்காவும் தங்கையும் பேசிக்கொள்வார்கள். நேரில் பேசும்போது எதிரே முகம் இருந்தது. முகம் வேறு.

"எந்திரிங்க" என்றேன்.

"எங்க?"

"அந்தப் பக்கம் போய் உக்காருங்க. எங்கயாவது. கொஞ்ச நேரம் என் கண்ணுல படாதீங்க."

எழுந்து போனார். ஆடும் படகில் ஒவ்வொரு கம்பியாகப் பிடித்துக்கொண்டு போனார். இறந்துபோனவள் அவருக்கும் மகள் என்பது அப்போது என் நினைவுக்கு வந்தது. கூப்பிடவில்லை.

*

கரைக்குத் திரும்பும்போது மகள் கேப்டனுக்குப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டாள். கேப்டன் தன் சட்டையை அவள் மேல் போர்த்தியிருந்தாள். என்னை ஒருமுறை திரும்பிப் பார்த்தாள் கேப்டன். தெரியாம சொல்லிட்டேன் சார் என்று கண்ணாலேயே சொன்னாள். நான் தலையசைத்தேன்.

என்ன செய்ய வேண்டும் என்று யோசித்துக்கொண்டே வந்தேன். இறந்துவிட்டாள் என்று நான் சொல்லிவிட்டேன். பேசுகிறாள் என்று அவள் சொல்லிவிட்டாள். இரண்டில் எதை நம்புவாள்? குரலைக் கேட்ட குழந்தை. நான் என்றால் குரலைத்தான் நம்புவேன். அந்தக் குரல் சித்தியுடையது என்று அவளுக்குப் புரிய வேண்டும். இன்றே. புரியாவிட்டால் நான் பொய்யன் ஆகிவிடுவேன், அம்மா எப்போதும் எங்கேயோ இருந்துகொண்டே இருப்பாள்.

படகு துறையில் உரசி நின்றது. கயிறு கட்டினார்கள். இறங்கினோம். கால் தரையில் பட்டும் தரை ஆடியது.

மாமனாரின் சட்டைப் பையில் போன் அடித்தது.

"அம்மா!" மகள் கேப்டனின் சட்டையை அப்படியே போட்டுவிட்டு ஓடிவந்தாள். "எடு தாத்தா, எடு! நாம வந்துட்டோமான்னு கேக்கத்தான் பண்ணறா. அப்பா, இப்ப நீயே கேளு, செத்துட்டியான்னு நீயே கேளு!"

இறங்கிக்கொண்டிருந்த புதுமணப் பெண் அப்படியே நின்றுவிட்டாள்.

மாமனார் போனை எடுத்தார். திரையைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். அவர் கையில் அது அடித்துக்கொண்டே இருந்தது. நான் வாங்கிக்கொண்டேன்.

செய்ய வேண்டியது மிக எளிது. பச்சைப் பொத்தானை அமுக்க வேண்டும். ஸ்பீக்கரில் போட வேண்டும். நீ சித்தின்னு குழந்தைகிட்ட சொல்லு என்று மச்சினியிடம் சொல்ல வேண்டும். அழுவாள். அழட்டும். சொல்லுவாள்.

பச்சைப் பொத்தானை அமுக்கினேன். காதில் வைத்தேன்.

"ஹலோ?"

என் மனைவி.

'ஹ' கொஞ்சம் காற்றாக, 'லோ' கொஞ்சம் மேலே ஏறி. காலை அவசரத்தில் அலுவலகத்திலிருந்து கூப்பிட்டு, கேஸை மூடினேனா பார் என்று கேட்பதற்கு முன் வரும் அதே ஹலோ.

"ஹலோ, கேக்குதா? கரைக்கு வந்துட்டீங்களா?"

மகள் கையை நீட்டிக்கொண்டு நின்றாள். விரல்களை மடக்கி மடக்கி விரித்தாள். "குடுப்பா. எனக்குத்தான் பண்ணியிருக்கா. அப்பா, குடு!"

இது அம்மா இல்லை, சித்தி. அவளிடம் சொல்ல வேண்டியது அவ்வளவுதான். நடுக்கடலில் அதைவிடப் பெரியதைச் சொன்னவன் நான். வாயைத் திறந்தேன்.

"ஹலோ? லைன்ல இருக்கீங்களா?"

மகளுக்கு முதுகைக் காட்டித் திரும்பிக்கொண்டேன். போனைக் காதோடு அழுத்திக்கொண்டு, அது இன்னும் ஒரு தடவை ஹலோ சொல்லட்டும் என்று காத்திருந்தேன்.